பால்டர்ஸ் கேட் 3: தப்பான பதிலை அமுக்கிவிடுவேனோ என்ற பயத்திலேயே 41 மணி நேரம் போய்விட்டது

பொடிதோசை:

வணக்கம். கேள்வி சின்னதுதான், முன்கதைதான் கொஞ்சம் நீளம்.

வீடு மேடவாக்கம். வேலை சோழிங்கநல்லூர் பக்கம், சாஃப்ட்வேர் டெஸ்டிங், பதினோரு வருடமாக அதேதான். பாப்பாவுக்கு மூன்று வயது. அவள் தூங்கி, சிங்க்கில் கிடக்கிற பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்த பிறகு, பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை எனக்கென்று ஒன்றரை மணி நேரம் கிடைக்கும். அதற்காகத்தான் தீபாவளி போனஸை எடுத்துக்கொண்டு ரிச்சி தெருவில் இரண்டு சனிக்கிழமை அலைந்து, பழைய கம்ப்யூட்டருக்கு ஒரு கிராபிக்ஸ் கார்டும் எஸ்எஸ்டியும் வாங்கிப் போட்டேன். பால்டர்ஸ் கேட் 3 ஒன்றுக்கே 150 ஜிபி இடம் வேண்டுமாம்.

தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. பெல்ஜியத்தில் கென்ட் நகரில் இருக்கிற லாரியன் ஸ்டுடியோஸ் 2023 ஆகஸ்டில் வெளியிட்ட ஆர்பிஜி இது, அதாவது கதையில் ஒரு பாத்திரமாகவே மாறி ஆடுகிற வகை. மேஜையில் பகடை போட்டு ஆடுகிற டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விதிகளை வைத்துச் செய்தது. ஆரம்பத்திலேயே நம் தலைக்குள் ஒரு புழுவை ஏற்றிவிடுகிறார்கள். அது நம்மை வேறு பிராணியாக மாற்றுவதற்குள் அதை வெளியே எடுக்க வழி தேட வேண்டும். யாரிடம் பேசினாலும் திரையில் நாலைந்து பதில் வரும், ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சில பதில்களுக்கு இருபது முகப் பகடை உருளும், பெரிய எண் விழுந்தால்தான் அந்தப் பதில் பலிக்கும். என் பிரச்சினை அந்த நாலைந்து பதில்தான்.

ஆட்டம் வாங்கின ஸ்டீம் தளத்தின் கணக்குப்படி 41 மணி நேரம் ஆடியிருக்கிறேன். இன்னும் முதல் ஆக்டில், அதாவது முதல் பாகத்தில், ட்ரூயிட்கள் என்கிற காட்டு மந்திரவாதிகளின் தோப்பைச் சுற்றியே நிற்கிறேன். பாத்திரத்தை உருவாக்கவே மூன்று இரவு ஆனது. 11 இனம், வீரன், மந்திரவாதி என்று 12 வகுப்பு, அதற்குள் உட்பிரிவு வேறு. இதுவரை ஐந்து முறை முதலிலிருந்து ஆரம்பித்தாயிற்று. கப்பல் உடைந்து கடற்கரையில் விழுகிற காட்சி எனக்கு மனப்பாடம். பக்கத்தில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்துகிற என் மனைவிக்கும் மனப்பாடம்.

எப்படி ஆடுகிறேன் என்பதற்கு ஒரு உதாரணம். தோப்புக்குள் அரபெல்லா என்று ஒரு சிறுமி, அகதிகளாக வந்த டீஃப்ளிங் கூட்டத்துக் குழந்தை, நெற்றியில் குட்டிக் கொம்பு. ட்ரூயிட்களின் சிலையைத் திருடிவிட்டாள். காகா என்கிற தலைவி அவளைப் பிடித்து நிறுத்தி, ஒரு பாம்பைக் காவல் வைத்திருக்கிறாள். வெளியே அவளுடைய அப்பாவும் அம்மாவும் கெஞ்சிக்கொண்டிருந்ததை அப்போதுதான் பார்த்துவிட்டு உள்ளே போயிருந்தேன். குழந்தையை விட்டுவிடு என்று பேசிப் பார்க்கிற பதிலை அமுக்கினேன். பகடை உருண்டு உருண்டு மூன்றில் நின்றது. பிள்ளை ஓடப் பார்த்தாள், பாம்பு போட்டது, விழுந்துவிட்டாள். சுவருக்கு அந்தப் பக்கம் என் பிள்ளை தூங்குகிறாள். எஃப்8 அமுக்கி, கடைசியாகச் சேமித்த இடத்திலிருந்து ஆட்டத்தை லோட் செய்தேன். மறுபடியும் தோல்வி. மறுபடி எஃப்8. மூன்றாவது முறை பிழைத்தாள்.

பிழைத்தாளே என்று விட்டேனா? மிரட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும், ஒன்றும் பேசாமல் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அரிப்பு. திரும்ப லோட் செய்து மற்றப் பதில்களையும் ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்தேன். போன் கையில், விக்கி திறந்திருக்கிறது, எந்தப் பதிலுக்கு எந்தக் கூட்டாளி கோபிப்பான் என்கிற பட்டியலோடு. அன்று ராத்திரி அந்தப் பிள்ளையை நான் நாலு தடவை சாகடித்தேன். படுக்கப் போகும்போது இதில் எது என் கதை என்றே எனக்குத் தெரியவில்லை.

நிஜ வாழ்க்கையிலும் நான் இப்படித்தான். ஹோட்டலில் மெனு கார்டை முன்பக்கம் பின்பக்கம் பத்து நிமிடம் படித்துவிட்டுக் கடைசியில் பொடி தோசை சொல்வேன். சர்வர் இப்போதெல்லாம் கார்டே தருவதில்லை.

கேள்வி இதுதான்: இந்த மாதிரி ஆட்டத்தை நீங்கள் எல்லாம் நிஜமாகவே லோட் செய்யாமல், விழுந்தது விழுந்தபடி ஆடுகிறீர்களா? அந்த உறுத்தல் எப்படிப் போனது? இல்லை, இது எனக்கு ஒத்துவராத வகை என்று அன்இன்ஸ்டால் செய்துவிட்டுக் கிரிக்கெட் கேம் ஏதாவது போட்டுக்கொள்ளட்டுமா?

அடையார் ஆந்தை:

ப்ரோ, இதில் என்ன தப்பு? மூவாயிரம் ரூபாய் பக்கம் கொடுத்து வாங்கின ஆட்டம். எஃப்8 வைத்திருப்பதே அமுக்கத்தான். நான் முழு ஆட்டத்தையும் லோட் செய்து லோட் செய்துதான் முடித்தேன், ஒரு உறுத்தலும் கிடையாது. நாள் முழுக்க ஆபீசில் தோற்றுவிட்டு வருகிறவன் ராத்திரியும் தோற்க வேண்டுமா?

ஆனால் போனில் விக்கியை வைத்துக்கொண்டு ஆடுவது மட்டும் பாவம். கிளைமாக்ஸைக் கேட்டுத் தெரிந்துகொண்டு தியேட்டருக்குப் போகிற மாதிரி. போனைக் கொண்டுபோய் சமையலறையில் சார்ஜில் போடு, பாதி வியாதி போய்விடும்.

அஞ்சு சிடி:

முதல் பால்டர்ஸ் கேட்டை ஆடினவன் நான். 1998-இல் வந்தது, பயோவேர் செய்தது, ஐந்து சிடி. பாரிமுனைப் பக்கம் ஒரு கடையில் ஐந்தையும் ரப்பர் பேண்ட் போட்டுக் கொடுத்தார்கள். எந்த மாதிரி சிடி என்று கேட்காதீர்கள், காலேஜ் பையனிடம் எவ்வளவு காசு இருக்கும்?

நாலாவது சிடியில் கீறல். ஆட்டம் ஒரு கட்டத்துக்கு வந்ததும் திரை அந்த சிடியைக் கேட்கும். போடுவேன். டிரைவ் ஆட்டோ மாதிரி உறுமும். அப்புறம் மறுபடியும் கேட்கும். பனியனால் துடைத்தேன், பற்பசை தடவித் தேய்த்தேன், ஃப்ரிட்ஜில் கூட வைத்துப் பார்த்தேன். கடைக்காரர் மாற்றித் தரவில்லை, "தம்பி, பில் இருக்கா?" என்றார். ஆக எனக்குத் தெரிந்தது முக்கால் கதைதான். அந்த முக்கால் கதையையே பதினான்கு வருடம் நண்பர்களிடம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். 2012-இல் புதுப்பித்த பதிப்பு வந்தபோது மீதியையும் ஆடினேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு இன்னும் கனவில் வருவது அந்த முக்கால்தான்.

இதில் எதுவும் விட்டுப்போகக் கூடாது என்று நினைக்கிறீர்கள் இல்லையா? வெளியீட்டுக்கு முன்னால் லாரியன் ஒரு கணக்குச் சொன்னது: முடிவில் மட்டும் 17,000 வகை மாறுபாடுகள். பெரும்பாலும் சின்னச் சின்ன வித்தியாசமாகத்தான் இருக்கும், ஆனாலும் கணக்குக் கணக்குதானே. ஒரு தடவை முடிக்க நூறு மணி நேரம் என்று வையுங்கள். உங்களுக்குக் கிடைப்பது ராத்திரிக்கு ஒன்றரை மணி. கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தேன், மூவாயிரம் வருடத்துக்கு மேல் வருகிறது. ராஜராஜ சோழன் காலத்தில் தொடங்கியிருந்தால் இப்போது மூன்றில் ஒரு பங்கு முடித்திருப்பீர்கள்.

பொடிதோசை:

அஞ்சு சிடி சார், இது என் மானப் பிரச்சினை ஆகிவிட்டது. டீமில் புதிதாகச் சேருகிற பிள்ளைகளுக்கு முதல் நாள் நான் எடுக்கிற வகுப்பே "எல்லாவற்றையும் டெஸ்ட் செய்து முடிப்பது நடக்காத காரியம்" என்பதுதான். ஸ்லைடே இருக்கிறது. அதை வீட்டுக்குக் கொண்டுவர மறந்துவிட்டேன் போல.

ஆந்தை, போன் நேற்றிலிருந்து சமையலறையில்.

தாயக்கட்டை:

தம்பி, எனக்கு 58 வயசு, திருவல்லிக்கேணி. பேரைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டாம், நானும் இந்த ஆட்டம்தான் ஆடுகிறேன். பையன் டப்ளினில் இருக்கிறான். வீடியோ கால் பண்ணினால் "சாப்டியா, நான் சாப்டேன்" என்பதோடு இரண்டு பேருக்கும் பேச்சு தீர்ந்துவிடும். போன வருஷம் லீவில் வந்தவன் பழைய லேப்டாப் ஒன்றை எனக்குச் சரிபண்ணிக் கொடுத்து, இதைப் போட்டுவிட்டுப் போனான். சேர்ந்து ஆடலாம், நாலு பேர் வரைக்கும். சனிக்கிழமை ராத்திரி எங்கள் வீட்டில் இப்போது பேச்சுக்குப் பஞ்சமில்லை. லேப்டாப்தான் குக்கர் மாதிரி சூடாகிறது, அடியில் இரண்டு பீங்கான் தட்டைக் கவிழ்த்து வைத்திருக்கிறேன்.

உன் அரபெல்லா என்னிடமும் செத்துப் போனாள். நான் போட்டது ஐந்து. "டேய், திருப்பிப் போடு" என்றேன். அவன்தான் ஹோஸ்ட், லோட் பண்ணுவது அவன் கையில். "முடியாதும்மா, விழுந்தது விழுந்ததுதான்" என்று சொல்லிவிட்டான். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அந்தப் பாம்புக்காரி மேல் அப்படி ஒரு ஆத்திரம். அவளிடம் மறுபடி பேசவே மாட்டேன் என்றேன். பேசாமல் விட்டுவிடுவேனா? அவள் அந்தப் பக்கம் திரும்பியிருந்த நேரத்தில் அவள் அறைப் பெட்டியைக் குடைந்தேன். அதில் ஒரு சீட்டு கிடைத்தது. அந்தச் சீட்டைப் பிடித்துக்கொண்டு சதுப்பு நிலத்துக்குப் போனோம். அங்கே என்ன இருந்தது என்று சொல்ல மாட்டேன், நீ இன்னும் அங்கே போகவில்லை. ஆனால் பிள்ளை பிழைத்திருந்தால் நான் அந்தப் பெட்டிப் பக்கம் போயிருக்கவே மாட்டேன். நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்திருப்பேன்.

எனக்கு இந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது என்று யோசித்தேன். எங்கள் வீட்டில் வைகுண்ட ஏகாதசிக்கு ராத்திரி முழுக்கக் கண் விழிப்போம், விடிகாலை பார்த்தசாரதி கோயிலில் சொர்க்கவாசல் திறக்கிற வரைக்கும். தூக்கம் வராமலிருக்கப் பரமபதம். பாட்டி, அத்தைகள், பக்கத்து வீட்டு மாமி எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து. மேலே கடைசி வரிசைக்கு வந்து, இன்னும் இரண்டு கட்டம் இருக்கும்போது பெரிய பாம்பு கடித்து அதல பாதாளத்துக்கு வருவோம் பார், அப்போது "இது வேண்டாம், திருப்பிப் போடுகிறேன்" என்று சொன்னால் பாட்டி கையில் ஒன்று வைப்பாள். "கடிச்சுதா? இறங்கு." அவ்வளவுதான். எல்லோரும் சிரிப்பார்கள், நானும் இறங்கிவிடுவேன், அடுத்த ஆட்டம் என் அத்தையைக் கடிக்கும், நான் சிரிப்பேன்.

இன்னொன்று. தாயம் ஆடின கைக்கு இந்தப் பகடை ரொம்ப நாள் பழகவில்லை. நமக்கு ஒன்று விழுந்தால்தானே தாயம், அது விழுந்தால்தானே காயையே இறக்க முடியும்? இதில் ஒன்று விழுந்தால் சர்வநாசம். முதல் தடவை ஒன்று விழுந்ததும் நான் கைதட்டினேன். பையன் அந்தப் பக்கம் தலையில் கை வைத்துக்கொண்டான்.

இருபதுக்கு ஒன்று:

தாயக்கட்டை அம்மா சொன்னதற்குப் பின்னால் ஒரு தொழில்நுட்பக் குறிப்பு. மேஜையில் ஆடுகிற டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பில், பேச்சுத் திறமை மாதிரியான சோதனைக்கு ஒன்று விழுந்தாலும் கூட்டல் புள்ளிகள் போதுமானதாக இருந்தால் தப்பித்துவிடலாம். லாரியன் அதை மாற்றிவிட்டது. இங்கே ஒன்று விழுந்தால் எப்பேர்ப்பட்ட பேச்சாளனும் தோற்பான், இருபது விழுந்தால் ஊமையும் ஜெயிப்பான். அதாவது எவ்வளவு தேர்ந்த பாத்திரம் செய்தாலும் சாதாரணமாக நூற்றுக்கு ஐந்து தோல்வி உண்டு. மூன்று இரவு உட்கார்ந்து நீங்கள் செய்த பாத்திரத்துக்கும் அதே கதிதான்.

அந்த மூன்று இரவுமே தேவையில்லை. கடற்கரைக்குப் பக்கத்து இடிபாட்டுக்குள் விதர்ஸ் என்று ஒரு உலர்ந்த கிழவர் இருக்கிறார். பார்க்காமல் விட்டாலும் அப்புறம் தானாகவே நம் முகாமுக்கு வந்து நிற்பார். 100 பொன் கொடுத்தால் வகுப்பை முழுசாக மாற்றிக் கொடுப்பார், எத்தனை தடவை வேண்டுமானாலும். செத்துப்போன கூட்டாளியை 200-க்கு எழுப்பியும் தருவார். கஷ்ட நிலையையும் நடுவில் குறைத்துக்கொள்ளலாம். பெரும்பாலும் எல்லாமே திரும்ப மாற்றக்கூடியதுதான், இனத்தையும் பேச்சையும் தவிர.

பேச்சிலும் கை கொடுக்க ஆள் உண்டு. கூட்டாளிகளில் ஒருத்தியான ஷேடோஹார்ட்டிடம் கைடன்ஸ் என்ற மந்திரம் இருக்கிறது. பகடை போடுவதற்கு முன்னால் அதைச் சேர்த்தால் நாலு முகப் பகடை ஒன்று கூடுதலாக உருளும். ஆட்டத்தில் நடுநடுவே கிடைக்கிற இன்ஸ்பிரேஷன் புள்ளியை நாலு வரை சேர்த்து வைக்கலாம், ஒன்றைச் செலவழித்தால் அதே இடத்தில் மறுபடி போடலாம். நிறையப் பேர் அதைக் கஞ்சத்தனமாகப் பூட்டி வைத்துக்கொண்டு எஃப்8 அமுக்குகிறார்கள். ஆட்டமே கொடுக்கிற எஃப்8 அதுதான், அதை முதலில் செலவழியுங்கள். செட்டிங்ஸில் கார்மிக் டைஸ் என்று ஒன்று இருக்கும், தொடர்ந்து மோசமாகவே விழாமல் பார்த்துக்கொள்ளும். அது ஏற்கெனவே ஆன் ஆகித்தான் இருக்கும், அப்படியே விடுங்கள்.

இன்னொரு விஷயம், இதைத்தான் நான் தாமதமாகப் புரிந்துகொண்டேன். எஃப்8 உதவுவது உடனே பலன் தெரிகிற இடத்தில் மட்டும்தான். 2015-இல் வந்த விட்சர் 3 என்கிற இன்னொரு ஆட்டத்தை ஆடினபோது, ஒரு குன்றில் மரத்தடியில் அடைபட்டிருந்த ஆவி விஷயத்தில் ஒரு முடிவெடுத்தேன். சரி, நல்லது செய்தோம் என்று கிளம்பிவிட்டேன். அதன் விலை பல மணி நேரம் கழித்து, வேறு ஒரு வீட்டில், வேறு ஒருவர் தலையில் விழுந்தது. அதற்குள் சேவ் எல்லாம் எங்கேயோ போய்விட்டது. கோபத்தில் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போய் உட்கார்ந்தேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு வாக்கியத்துக்கும் லோட் போடுகிற பழக்கம் தானாக விட்டுப்போனது. பெரிய விஷயத்தையே காப்பாற்ற முடியவில்லை, சின்னதைக் காப்பாற்றி என்ன செய்ய?

கடைசியாக: எஃப்8 பொத்தானையே முடக்கிவிடுங்கள். கை தானாகப் போகிறது, அதுதான் சிக்கல். லோட் வேண்டுமென்றால் மெனுவுக்குள் போய்ச் செய்யட்டும். அதற்குள் மனசு மாறிவிடும்.

அடையார் ஆந்தை:

இவ்வளவு சட்டம் போட்டு ஆட அது என்ன வருமானவரிக் கணக்கா? ஜாலியாக ஆடு ப்ரோ. அரபெல்லாவை நானும் லோட் செய்துதான் காப்பாற்றினேன். தாயக்கட்டை அம்மா மன்னிக்க வேண்டும், எனக்கு அவ்வளவு மனத்திடம் கிடையாது.

தாயக்கட்டை:

மன்னிப்பு எதற்குப்பா. காப்பாற்றின பிள்ளை நன்றாக இருக்கட்டும்.

பொடிதோசை (பத்து நாள் கழித்து):

எல்லோருக்கும் பதில் சொல்லாமல் இருந்ததற்குக் காரணம் மழை. எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர், இரண்டு நாள் மின்சாரம் இல்லை, பாப்பாவுக்குச் சளி. நடுவில் கிடைத்த ராத்திரிகளில் ஆடினேன்.

இருபதுக்கு ஒன்று சொன்னதை நான் எழுத்துப்படி எடுத்துக்கொண்டேன். கீபோர்டிலிருந்து எஃப்8 மூடியையே கழற்றி, சமையலறையில் போன் பக்கத்தில் வைத்தேன். யார் எடுத்து எங்கே போட்டார்கள் என்று தெரியவில்லை, பாப்பா வேலையாகத்தான் இருக்க வேண்டும். மறுநாள் காலை ரசத்துக்குத் தாளிக்கப் போன மனைவி அஞ்சறைப்பெட்டியோடு வந்து நின்றாள். "ஏங்க, கடுகுல கறுப்பா என்னமோ கிடக்கு, எஃப் எட்டுன்னு எழுதியிருக்கு." விளக்க வேண்டியதாகிவிட்டது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பத்து வருஷமா ஒரே தோசை திங்கிற ஆளுக்கு எதுக்குங்க இந்த ஆட்டம்" என்றாள். மூடியைத் துடைத்து மறுபடி கடுகுக்குள்ளேயே வைத்துவிட்டாள். அங்கேதான் இருக்கிறது.

சேமித்து வைத்திருந்த பழைய ஐந்து ஆட்டத்தையும் தொடவில்லை. புதிதாக ஒன்று ஆரம்பித்தேன். பாத்திரம் செய்ய இருபது நிமிடம். வகுப்பு பாடகன், இனம் ஹாஃப்லிங் என்கிற குள்ளர்கள், ஆட்டம் காட்டிய முதல் முகம். இந்த முறை அரபெல்லா முதல் தடவையிலேயே பிழைத்தாள். பதினாறு. மிரட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தெரிந்துதான் இருக்கிறது, அது வேறு ஆளுக்கு நடந்த கதை மாதிரி இருந்தது.

முதல் இரண்டு நாள் கஷ்டம்தான், பொய் சொல்ல மாட்டேன். ஒரு பூட்டைத் திறக்கப் போய் இரண்டு விழுந்தது, கை தானாக எஃப்8 இருந்த இடத்துக்குப் போய்ப் பள்ளத்தைத் தடவியது. ஒரு சண்டையில் பேசித் தப்பித்திருக்க வேண்டிய இடத்தில் அடி வாங்கி, விதர்ஸுக்கு 200 பொன் அழுதேன்.

நான் சொல்ல வந்தது வோலோ விஷயம். காப்ளின்கள் என்கிற குட்டி அரக்கர்களின் முகாமில் அடைத்து வைத்திருந்த ஒரு பாடகர், தொப்பியும் வாய்ப்பந்தலுமாக இருப்பார். விடுவித்தேன், எங்கள் முகாமுக்கு வந்து சேர்ந்தார். என் தலைக்குள் புழு இருப்பது தெரிந்ததும், நானே எடுத்துத் தருகிறேன், அதற்கெல்லாம் கருவி இருக்கிறது என்றார். ஐந்து முறை ஆரம்பித்தும் நான் இந்த இடத்துக்கு வந்ததே இல்லை. விக்கியிலும் படித்ததில்லை. பதில்கள் வரிசையாக நின்றன. வேண்டாம் என்று சொல்லக் கை போனது.

மனைவி பக்கத்தில் ஏழாம் வகுப்பு விடைத்தாள் கட்டோடு உட்கார்ந்திருந்தாள். நிமிர்ந்து பார்த்து, "யாருங்க இவரு, டாக்டரா?" என்றாள். பாட்டுக்காரர் என்றேன். "ஃபீஸ் கேட்டாரா?" கேட்கவில்லை என்றேன். "அப்போ பாக்கட்டும்." சிவப்புப் பேனாவாலேயே திரையில் தட்டிக் காட்டினாள், சரி என்கிற பதிலை. அமுக்கினேன்.

மெல்லிய ஊசி ஒன்றை எடுத்துக் கண் ஓரத்தில் விட்டார். வலிக்கிறது, நிறுத்தலாமா, தொடரலாமா என்று ஆட்டம் கேட்டது. நிறுத்தலாம் என்றேன் நான். "பாதியில விட்டா சீழ் பிடிக்கும்" என்றாள் அவள். தொடர்ந்தோம். ஊசி போதாது என்று ஐஸ் குத்துகிற கம்பியை எடுத்தார். இப்போது அவளே பேனாவை வாயில் கவ்விக்கொண்டாள். எனக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது. ஒவ்வொரு படியிலும் ஆட்டம் கேட்கிறது, நிறுத்தலாமா என்று. என் வாழ்க்கையில் இவ்வளவு மரியாதையாக யாரும் என்னிடம் இரண்டாம் யோசனை கேட்டதில்லை. குத்தினார். கண் வெளியே வந்துவிட்டது. புழு உள்ளேயே இருக்கிறது.

ஒரு நிமிடம் இரண்டு பேரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். அப்புறம் அவள் சிரிக்க ஆரம்பித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, குலுங்கி, கண்ணில் தண்ணீர் வர. பாப்பா எழுந்து அழுதாள், அப்போதும் நிறுத்தவில்லை. நானும் சிரித்துவிட்டேன். எஃப்8 இருந்திருந்தால் கண் தரையில் விழுவதற்குள் அமுக்கியிருப்பேன்.

பாப்பாவைத் தட்டித் தூங்கவைத்துவிட்டு வந்து பார்த்தால், வோலோ வெட்கப்பட்டுக்கொண்டு மன்னிப்புக் கேட்டு, பதிலுக்கு ஒரு செயற்கைக் கண்ணைப் பொருத்திவிட்டார். அது வைத்த பிறகு, மறைந்து நிற்பவர்களும் கண்ணுக்குத் தெரிகிறார்கள். நிரந்தரமாக. மந்திரம் எதுவும் போட வேண்டியதில்லை. ஒரு கண் ஒரு நிறம், இன்னொன்று வேறு நிறம். மனைவி அவனுக்கு ஒத்தக்கண்ணன் என்று பெயர் வைத்திருக்கிறாள். இரண்டு கண்ணும் இருக்கிறதே என்றால் கேட்பதில்லை. இப்போது தினம் பத்தரைக்கு "ஒத்தக்கண்ணன் எங்கே போறான் இன்னிக்கு?" என்று விடைத்தாள் கட்டோடு வந்து உட்கார்ந்துவிடுகிறாள். பாதிப் பதில் அவள்தான் தேர்ந்தெடுக்கிறாள். நான் நாலு பதிலையும் படித்து முடிப்பதற்குள் "ரெண்டாவது" என்று சொல்லிவிடுவாள். நேற்று ஒரு மதிப்பெண் கூட்டலில் தப்பு வந்து, அதற்கும் ஒத்தக்கண்ணன் மேல் பழி.

49 மணி நேரம் காட்டுகிறது. அதாவது புது ஆட்டத்தில் எட்டு மணி நேரம்தான். அந்த எட்டில் பழைய 41-ஐத் தாண்டி வந்துவிட்டேன்.

இருபதுக்கு ஒன்று:

கடுகு டப்பா முறையை நான் மற்றவர்களுக்கும் சொல்லப்போகிறேன். உங்கள் மனைவி ஹானர் மோட் ஆடுவாரா என்று கேட்டு வையுங்கள். 2023 நவம்பர் கடைசியில் சேர்த்தார்கள். ஒரே ஒரு சேவ்தான், கூட்டம் மொத்தமும் செத்தால் அந்த ஓட்டம் அதோடு முடிந்தது. அவருக்கு ஏற்றதாகத் தெரிகிறது.

பொடிதோசை:

கேட்டேன். "அதுதானே ஒழுங்கான ஆட்டம், இத்தனை நாள் என்ன ஆடிட்டிருந்தீங்க" என்கிறாள்.

தாயக்கட்டை:

தம்பி, ரொம்ப சந்தோஷம். நீ சொன்ன பாட்டுக்காரரை நாங்கள் காப்பாற்றவே இல்லை, அப்படி ஒருத்தர் அங்கே இருந்ததே உன் பதிவைப் பார்த்துத்தான் தெரியும். பையனுக்குப் போன் பண்ணித் திட்டினேன். காப்ளின் முகாம் வாசலில் முகத்தில் ஓநாய்ச் சாணியைப் பூசிக்கொள்ளச் சொன்னார்கள், வாசல் தெளிக்கிற சாணிதானே என்று நான் பூசிக்கொண்டேன், அவன் சிரித்த சிரிப்பில் உள்ளே போய் எதையும் ஒழுங்காகப் பார்க்கவில்லை.

ஒன்று மட்டும் சொல்லிவைக்கிறேன். சதுப்பு நிலத்தில் ஈதெல் என்று ஒரு கிழவி இருப்பாள், ரொம்ப அன்பாகப் பேசுவாள், பலகாரம் வைத்திருப்பாள். அவளும் புழுவை எடுத்துத் தருகிறேன் என்று கண்ணைத்தான் கேட்பாள். யோசித்துக் கொடு.

பொடிதோசை:

அம்மா, இதை நான் இவளிடம் படித்துக் காட்டவில்லை. காட்டினால் முதல் பதிலையே அமுக்கிவிடுவாள்.